காலாற

விடியற்காலை ஐந்து மணி. நானும் தங்கச்சியும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளிக்கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"எங்கப்பா ரெண்டு பேரும் இந்நேரத்துக்கு? யாருக்கு என்ன?"

அந்த நேரத்தில் ஆள் கிளம்பினால் ஒன்று வேலைக்கு, இல்லையென்றால் துக்கத்துக்கு. எண்பத்தாறு வயது அம்மாவுக்கு மூன்றாவது காரணம் எதுவும் தெரியாது.

"யாருக்கும் ஒண்ணுமில்லம்மா. சும்மா நடக்கப் போறோம். மலை வரைக்கும்."

"எந்த மல?"

"பெரட்டுக்களத்துல நின்னா தெரியுமே, அந்த மலை."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "அங்க நமக்கு யாரு இருக்கா?"

பதில் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டு நடந்தோம். கோல சிலாங்கூரிலிருந்து கோல குபு பாரு மலையடிவாரம் வரை மூன்று நாள், மலை ஏறி இறங்க ஒரு நாள். நான்கு நாளும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

எங்கள் தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தைக்கு உள்ளே இருந்தது. 2007இல் அந்த ஊரைப் பெஸ்தாரி ஜெயா ஆக்கிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. பெரட்டுக்களம் ஒரு மேட்டில். இருட்டோடு ஆட்கள் வந்து நிற்பார்கள், கிராணி பெயர் வாசிப்பார், தண்டல் நிரை பிரித்துக் கொடுப்பார். வாசித்து முடிப்பதற்குள் கிழக்கே வெளுத்துவிடும். முதல் நாள் நல்ல மழை பெய்து வானம் கழுவிவிட்ட காலையென்றால் ரப்பர் காட்டுக்கு அப்பால், வெகு தூரத்தில், நீலமாக ஒரு கோடு தெரியும். தித்திவங்சா மலைத்தொடர். அது பின்னாளில் பள்ளிக்கூடத்தில் படித்த பெயர். தோட்டத்தில் அதற்குப் பெயர் கிடையாது. "மலையில கருக்கல் கட்டிருச்சு, இன்னிக்கி பால் வெட்டு நடக்காது" என்பார்கள். அவ்வளவுதான் எங்களுக்கும் அதற்கும் இருந்த பேச்சுவார்த்தை.

இதில் ஒரு விஷயம் எனக்கு இந்த நடையில்தான் உறைத்தது. எங்கள் தோட்டத்தில் பெயரில்லாத இடமே இல்லை. பாம்புக்காடு, பாலத்து நிரை, பழைய லயத்து மேடு, கொய்யாமரத்துத் திருப்பம் என்று ஒவ்வொரு மூலைக்கும் எங்கள் ஆட்கள் பெயர் வைத்திருந்தார்கள். தோட்டங்களுக்கே வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று, நாங்கள் வைத்த பெயர் ஒன்று. எங்கெல்லாம் கால் போனதோ அங்கெல்லாம் பெயர் விழுந்தது. மலையில் எங்களுக்கு வேலை இல்லை. அதனால் அது வெறும் மலை.

அம்மாவின் கால் எவ்வளவு நடந்திருக்கும் என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பால் வெட்டுகிறவருக்கு ஒரு நாளைக்கு 500 மரம் என்று வைத்துக்கொள்வோம். மரத்துக்கு மரம் 15 அடி. வெட்டிக்கொண்டே போக ஒரு நடை, மங்கில் சேர்ந்த பாலை எடுக்க இன்னொரு நடை: இரண்டும் சேர்ந்து நாலரை கிலோமீட்டருக்கு மேல். லயத்திலிருந்து வெட்டுக்குப் போக, காண்டா வாளியைத் தோளில் வைத்துப் பால்கொட்டாய்க்கு வர, வீடு திரும்ப இன்னும் மூன்று கிலோமீட்டர். ஆக, நாளைக்கு ஏழரை. வருஷத்துக்கு 280 நாள், முப்பது வருஷம். 63,000 கிலோமீட்டர் வருகிறது. பூமியின் சுற்றளவு 40,000. அம்மா இந்த உலகத்தை ஒன்றரைத் தடவை சுற்றி வந்திருக்கிறார், அதுவும் பாதி தூரம் பால் வாளியோடு. பெரட்டுக்களத்திலிருந்து தெரிந்த அந்த மலை நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கே அவர் போனதில்லை.

நடக்காத சனம் இல்லை நாங்கள். தாத்தா தன் ஊரிலிருந்து நாகப்பட்டினம் துறைமுகம் வரை நடந்து வந்துதான் கப்பல் ஏறினார். அவருடைய தம்பியை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் பிடித்துப் போனார்கள். 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்கள் காட்டுக்குள் முகாம் முகாமாக நடத்திச் செல்லப்பட்டார்கள். சின்னத் தாத்தா அந்த நடையிலிருந்து திரும்பவே இல்லை. பிறகு சாமிக்காக நடந்தோம். தைப்பூசத்துக்கு கோலாலம்பூர் மாரியம்மன் கோயில் வெள்ளித் தேருக்குப் பின்னால் ராத்திரி முழுக்க நடந்து, பத்துமலையின் 272 படி ஏறி, கால் வீங்கி லோரியில் வீடு வந்து சேர்ந்த நினைவு எனக்கு நன்றாக இருக்கிறது. கூலிக்காக நடந்திருக்கிறோம், அடித்துத் துரத்தியதால் நடந்திருக்கிறோம், வேண்டுதலுக்காக நடந்திருக்கிறோம். நடக்க வேண்டும் போலிருக்கிறது என்பதற்காக நடந்த ஒருவரை எங்கள் குடும்பத்தில் நான் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

சித்தப்பாவுக்கு எங்கள் நடைத் திட்டம் பிடிக்கவில்லை. "ஓடா தேஞ்சு உங்கள வளத்தாங்க. நீ வாத்தியாரு, அது தாதி. பென்சன் வருது. ஜப்பானு கொரியான்னு போயிட்டு வாங்களேன்ப்பா. செம்பனைக்குள்ள என்னா இருக்குன்னு வெயில்ல நடக்கப் போறீங்க?" என்றார். அவர் கேட்டதில் கோபத்தை விடக் கவலைதான் அதிகம். பிள்ளைகள் மறுபடியும் தோட்டத்து வெயிலில் நடப்பதைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. எனக்கும் உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. உழைத்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓய்வு என்பது குற்ற உணர்ச்சியோடுதான் வந்து சேர்கிறது. கடல் கடந்து போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தாலாவது செலவழித்த காசுக்குக் கணக்கு இருக்கிறது. நான்கு நாள் சும்மா நடந்துவிட்டு வந்தால் எதைக் காட்டுவது?

புக்கிட் மெலாவத்தி அடிவாரத்தில் சாம்பல் நிற லோத்தோங் குரங்குகள் அப்போதுதான் மரத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தன. அந்தச் சின்னக் குன்றில் 1784இல் டச்சுக்காரர் கோட்டையைப் பிடித்ததும், மறு வருஷமே சுல்தான் இப்ராஹிம் மீட்டதும், 1907இல் கலங்கரை விளக்கம் கட்டியதும் வருகிறவர்கள் எல்லாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கதை. நாங்கள் அதைத் தாண்டி ஆற்றைப் பிடித்துக்கொண்டோம். எங்கள் திட்டம் அவ்வளவுதான்: சிலாங்கூர் ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து அது பிறக்கும் மலையைப் பார்த்து நடப்பது. ஆறு ஓடும் வாக்கிலேயே போகப் பாதை இல்லை. அது வளைகிற இடத்தில் நாங்கள் தோட்டத்துச் சாலைகளில் குறுக்கே வெட்டினோம்.

கம்போங் குவாந்தானை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. ராத்திரி படகில் போய் மின்மினி பார்க்கும் இடம். பகலில் அது வெறும் சேற்றுக்கரை. தண்ணீரைத் தொட்டபடி பெரெம்பாங் மரங்கள். அந்த மரத்தின் இலையில்தான் மின்மினிகள் கூட்டமாக உட்கார்ந்து ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும். பெரெம்பாங்குக்கு உப்பும் வேண்டும், நல்ல தண்ணீரும் வேண்டும். உப்பைக் கடல் ஏற்றம் கொண்டுவருகிறது, நல்ல தண்ணீரை மலை அனுப்புகிறது. மேலே கோல குபு பாரு பக்கம் அணை கட்டத் தொடங்கியபோதே, தண்ணீர் வரத்து குறைந்தால் இங்கே மின்மினி என்னாகும் என்ற கவலை கிளம்பியது. படகுத்துறையில் இளநீர் குடித்துக்கொண்டே தங்கச்சி சொன்னாள்: "மலைக்கும் நமக்கும் சம்பந்தமில்லன்னு நெனச்சோம். வீட்டுக் குழாயில வர்றதே அந்தத் தண்ணிதானே அண்ணே."

அவள் கையில் மகள் வாங்கிக் கொடுத்த கடிகாரம் ஒன்று இருந்தது. எத்தனை அடி நடந்தோம், இதயம் எவ்வளவு துடித்தது என்று சொல்லும். பத்தாயிரம் அடி ஆனதும் மணிக்கட்டில் துள்ளியது. கொஞ்ச தூரம் போனதும் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"ஏன் பாப்பா?"

"கையில ஒரு கிராணியக் கட்டிக்கிட்டு நடக்கிற மாதிரி இருக்கு."

நான் அதைப் பற்றி நிறைய யோசித்தேன். எத்தனை மரம், எத்தனை கிலோ பால், எத்தனை நாள் பேர் விழுந்தது என்று எண்ணி எண்ணித்தான் எங்கள் வீட்டில் நடை நடந்தது. சர்க்கரை வியாதி வந்த பிறகு டாக்டர் சொன்னார் என்று தாமான் திடலைச் சுற்றி வரும் எங்கள் வயதுக்காரர்களும் எண்ணிக்கொண்டுதான் நடக்கிறார்கள். அது நல்லதுதான், உடம்புக்கு வேண்டியதுதான். ஆனால் அதுவும் ஒரு வேலை. யாரோ ஒருவரிடம் கணக்கு ஒப்பிக்க வேண்டிய நடை.

புக்கிட் ரோத்தானுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துக்குள் நுழையும் இடத்தில் காவல் சாவடி. நேப்பாளத்துப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும். எங்கே போகிறீர்கள் என்று மலாயில் கேட்டான். யாரையும் பார்க்க இல்லை, மீன் பிடிக்க இல்லை, கோயிலுக்கும் இல்லை. என் வாயில் வந்தது "ஜாலான் ஜாலான் சஜா". அவன் சிரித்துவிட்டுத் தடுப்பைத் தூக்கினான்.

மலாயில் ஜாலான் என்றால் பாதை, ஜாலான் என்றால் நடப்பது. இரண்டு முறை சொன்னால் சும்மா உலாவுவது. சொல்லை இரட்டிப்பதிலேயே வேலை கழன்றுவிடுகிறது. நம்மிடம் அதற்குச் சொல் இல்லையா என்று நடந்துகொண்டே தேடினேன். இருக்கிறது. காலாற. காலாற நடப்பது. வயிறாரச் சாப்பிட்டான் என்றால் வயிறு நிறைந்தது. காலாற என்றால் கால் ஆறியது, புண் ஆறுகிற மாதிரி, சூடு ஆறுகிற மாதிரி. நடந்ததால் களைத்த காலை நடந்தே ஆற்றிக்கொள்ளலாம் என்று நம் மொழிக்குத் தெரிந்திருக்கிறது. இந்த நாட்டில் நாம் தினமும் பார்த்தவுடன் கேட்பது "பசியாறிட்டீங்களா" என்றுதான். பசியாறியதைத் தலைமுறை தலைமுறையாக விசாரித்துக்கொண்டிருக்கிறோம். கால் ஆறியதா என்று எங்கள் தோட்டத்தில் யாரும் யாரையும் கேட்டு நான் கேட்டதில்லை.

பெஸ்தாரி ஜெயாவில் என்னோடு படித்தவர் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை தென்னமரம் தோட்டத்து ஓரமாகப் போனோம். தென்னமரம் என்ற தமிழ்ச் சொல்லே ஆங்கில எழுத்தில் தோட்டத்தின் பெயராகி, கம்பெனிப் பத்திரங்களில் எல்லாம் ஏறிவிட்டது. ஹென்றி ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் இங்கேதான் செம்பனையை வியாபாரப் பயிராக நட்டார். மலேசியாவில் அதுவே முதல். அவர் எழுத்தாளரும்கூட; 'மலேசி' என்ற நாவலுக்காக 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கினார். இன்று விமானத்திலிருந்து பார்த்தால் தெரிகிற அத்தனை செம்பனைக்கும் தொடக்கம், தமிழில் பெயர் கொண்ட இந்த மண். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கொஞ்ச தூரத்தில் சிலாங்கூர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் தினமும் இந்தச் சாலையில் மோட்டாரில் பறக்கிறார்கள்.

இந்தச் சாலைகளைப் பற்றி அப்பா ஒன்று சொல்வார். துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். அவர் கடந்து போன பிறகுதான் ஏறலாம். இது கதை இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதனும் தோழர்களும் முன்னெடுத்த வேலைநிறுத்தத்தில், சம்பள உயர்வோடு சேர்த்து வைத்த கோரிக்கைகளில் இதுவும் ஒன்று: துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். ஒரு சாலையில் தலை நிமிர்ந்து போவதை உயிரைக் கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். அந்தச் சாலைகளில் ஒன்றில், எதிரே யார் வந்தாலும் நிற்க வேண்டியதில்லாமல், வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ யாரிடமும் கேட்க வேண்டியதில்லாமல் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனோம். என் உறுத்தல் பாதி அங்கேயே கழன்றுவிட்டது. சித்தப்பாவுக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தோட்டம் இருந்த இடத்தைத் தேடிப் போகவில்லை. தெரிந்தேதான் போகவில்லை. லயத்தை இடித்து, வீடு தருகிறோம் என்று சொல்லி, வருஷக்கணக்காக இழுத்தடித்த கதை அது. அந்தப் பேச்சை எடுத்தால் இரண்டு பேரும் அழுதிருப்போம்.

அதன் பிறகு ஒன்றரை நாள் செம்பனை, செம்பனை, செம்பனை. குலை ஏற்றிய லோரிகள், டிராக்டர் கிளப்பும் புழுதி, கறுத்த நீரோடும் கால்வாய். வேலை செய்தவர்கள் வங்காளதேசத்துக்காரர்கள், இந்தோனேசியர்கள். சொல்ல வேறொன்றும் இல்லை, ஒரே ஒரு மரத்தைத் தவிர.

நெடுஞ்சாலையைத் தாண்டி, பத்தாங் காலிக்கும் ராசாவுக்கும் இடையில், யாரோ ஒரு சிறுதோட்டக்காரர் விட்டுவைத்த பால்மரங்கள் இருபது முப்பது நின்றன. பல வருஷமாக வெட்டாத மரங்கள். தங்கச்சி ஒன்றின் அருகே போய்க் குனிந்தாள். இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்கும் பழைய வெட்டு, மரத்தின் இடுப்புயரத்தில் தழும்பாக நின்றது. அதற்குக் கீழே பீலி குத்தியிருந்த சிறு ஓட்டை. மங்கு கட்டிய கம்பி மரத்தின் சதைக்குள் புதைந்து, ஒரு நுனி மட்டும் துருப்பிடித்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சில இடங்களில் பட்டை முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. கத்தி கட்டை வரை இறங்கிவிட்டால் மரம் அப்படித்தான் காயத்தை மூடிக்கொள்ளும். அந்தக் காயத்துக்குத்தான் தண்டல் திட்டுவார், கிராணி சம்பளத்தைப் பிடிப்பார். தங்கச்சி வெட்டுத் தடத்தில் கட்டை விரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக இழுத்துக்கொண்டே போனாள். பத்து வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவுக்குப் பால் எடுத்துக் கொடுத்தவள். விரல் கீழ் நுனிக்கு வந்ததும், பழக்கத்தில், ஒட்டுப்பாலை உரிப்பதுபோல் நகத்தால் சுரண்டினாள். அங்கே ஒன்றும் இல்லை.

அடுத்த மரத்துக்கு ஓட வேண்டியதில்லை. அந்த ஒரு மரத்தடியிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

கோல குபு பாரு ஒரு வகையில் எங்களைப் போன்ற ஊர்: இடம் பெயர்ந்த ஊர். 1883 அக்டோபர் 29 அன்று மேலே இருந்த பழைய அணை உடைந்து கோல குபு ஊரையே அடித்துக்கொண்டு போனது. வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் செசில் ரேங்கிங்கும் அதில் போனார். அவர் ஆற்றிலிருந்த வெள்ளை முதலையைச் சுட்டதுதான் காரணம் என்று ஊரில் ஒரு கதை உண்டு. பிறகும் ஈயச் சுரங்கத்து மண் ஆற்றை மேடாக்கி வெள்ளம் விடாமல் வந்ததால், ஊரையே தூக்கி மேட்டில் வைத்தார்கள். அதனால்தான் அது பாரு, புதியது. பழைய இடத்தின் பெயர் இன்றும் அம்பாங் பெச்சா, உடைந்த அணை. நாங்கள் போய்ச் சேர்ந்த சாயங்காலம் மலை எங்கள் தலைக்கு மேல் நின்றது. அறுபது வருஷம் நீலக் கோடாகப் பார்த்ததை முதல் தடவையாகப் பச்சையாகப் பார்த்தோம்.

நாங்கள் ஏறப்போன புக்கிட் குத்து ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மலேசியாவில் மலை என்றால் கேமரன், கெந்திங், பிரேசர் என்பார்கள். இதைச் சொல்பவர்கள் குறைவு. 1890களில் சிலாங்கூரின் ரெசிடெண்டாக இருந்த ட்ரீச்சர், உடம்பு முடியாத வெள்ளை அதிகாரிகள் ஓய்வெடுக்க இதன் உச்சியில் ஒரு விடுதி கட்ட ஏற்பாடு செய்தார். யுத்தத்தோடு அது அழிந்தது. காடு திரும்பி வந்து மூடிக்கொண்டது. பிரேசர் மலைக்குக் கார்கள் வரிசையாகப் போகும் சாலையிலிருந்து பார்த்தால் இது தெரியும், ஆனால் யாரும் நிறுத்துவதில்லை.

வனத்துறை அனுமதி வாங்கி, கம்போங் பெர்தாக்கிலிருந்து ஒரு தெமுவான் இளைஞரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டோம். பெர்தாக், கெராச்சி இரண்டும் அணைக்காக இடம் மாற்றப்பட்ட பூர்வகுடி ஊர்கள். மலைக்குப் பெயரில்லை என்று மேலே எழுதினேன். அது எங்கள் பக்கத்துக் குறை. அந்தத் தம்பிக்கு அங்கே ஒவ்வொரு ஓடைக்கும், ஒவ்வொரு பாறைக்கும் பெயர் தெரிந்திருந்தது. எங்கள் ஆட்கள் பாலத்து நிரை, கொய்யாமரத்துத் திருப்பம் என்று சொன்ன அதே குரலில் அவர் அவற்றைச் சொன்னார். அவருடைய பாட்டன்மாரின் காலும் அங்கேயெல்லாம் போயிருக்கிறது.

ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று. மற்றவர்களுக்கு மூன்றரை மணி நேரம் போதும் என்றார் அந்தத் தம்பி. மூங்கில் பாலங்களில் ஓடையைக் கடந்து, வேரைப் பிடித்து, அட்டையைத் தட்டிவிட்டு, பேச்சு நின்று மூச்சு மட்டும் கேட்கிற ஒரு நிலைக்கு வந்தபோது மரங்களுக்கு இடையே செங்கல் தெரிந்தது. புகைபோக்கி. விடுதியில் மிச்சம் நிற்பது அதுதான். அடியில் கணப்பு அடுப்பின் வாய் திறந்திருந்தது. பாசி பிடித்த செங்கல்லை விரலால் துடைத்துப் பார்த்தேன். உள்பக்கம் கரி இன்னும் இருந்தது. குளிர்காய நெருப்பு மூட்டிய அடுப்பு. இந்த நாட்டில் அப்படி ஒன்றை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. அம்மா அதிகாலை மூன்றரை மணிக்கு மூட்டிய அடுப்பு சோறு பொங்க; ஆறு மணிக்குள் சோற்றை வாளியில் கட்டியாக வேண்டும். ஓய்வு என்பது ஒருவர் உரிமை என்பதை அந்தக் காலத்து அதிகாரிகள் சந்தேகமே இல்லாமல் தெரிந்து வைத்திருந்தார்கள். அதற்காக இவ்வளவு செங்கல்லை இவ்வளவு உயரத்துக்குச் சுமக்க வைத்திருக்கிறார்கள். சுமந்தவர்கள் யாரென்று அங்கே எழுதி வைக்கவில்லை. சுமந்தவர்களில் எவராவது சுமையை இறக்கி வைத்துவிட்டு இந்தப் பாறைமேல் ஒரு நிமிஷம் உட்கார்ந்து மேற்கே பார்த்திருப்பாரா?

நாங்கள் உட்கார்ந்தோம். உச்சியில் வீட்டளவு பெரிய பாறைகள். கீழே அணைத் தேக்கம் பச்சையாகக் கிடந்தது, அதற்கு அப்பால் தாழ்ந்த நிலம், அதற்கு அப்பால் வெள்ளையாகப் புகை மூட்டம். கடல் தெரியவில்லை. எங்கள் பெரட்டுக்களம் அந்த மூட்டத்துக்குள் எங்கேயோ.

"அங்கேருந்துதான் பாத்துக்கிட்டு இருந்தோம்" என்றாள் தங்கச்சி.

"அங்க நமக்கு யாரு இருக்கா" என்ற கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இருந்தது. யாரும் இல்லாத இடத்துக்கும் போகலாம். போனதும் அங்கே நாம் இருக்கிறோம். இது பிறந்த நாடு, முன்னோரின் எலும்பு இந்த மண்ணில் கிடக்கிறது. ஆனாலும் தோட்டமும் கோயிலும் கடைத்தெருவும் போக மற்ற இடமெல்லாம் யாரோ ஒருவருடையது என்பதுபோல் ஒதுங்கியே நடந்து பழகிவிட்டோம். சம்பளச் சீட்டும் அர்ச்சனைச் சீட்டும் இல்லாமல் ஒரு மலையில் போய் உட்காரலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தடுத்தவர்களும் இப்போது யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்த ராத்திரி அம்மா எங்கள் காலைப் பார்த்தார். அட்டைக்கடியைப் பார்த்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மேல குளுருச்சா?"

குளிர்ந்தது என்றோம். நல்லாக் குளிர்ந்ததா என்று தங்கச்சியிடம் தனியாக இன்னொரு தடவை கேட்டாராம்.

போன மாதம் அவரைக் காரில் கூட்டிக்கொண்டு, கோல குபு பாருவைத் தாண்டி மேலே போகும் மலைச் சாலையில் கேப் என்ற இடம் வரை போனோம். 1951 அக்டோபரில் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னியைச் சுட்டுக் கொன்ற வளைவைக் காட்டினேன். அம்மா அதில் அக்கறை காட்டவில்லை. சன்னலை இறக்கச் சொல்லிக் கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டே வந்தார். கேப்பில் இறங்கினார். தங்கச்சி கையைப் பிடிக்கப் போனாள், வேண்டாம் என்றார். சாலையோரம் மெதுவாக நடந்தார், நின்றார், பெரணிச் செடியைத் தொட்டார், மறுபடி நடந்தார். கையில் வாளி இல்லை. திரும்பி வந்து கார்க் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "ஒரு நெர நடந்துட்டேன்."

உங்கள் வீட்டில் பால் வெட்டிய கால் ஒன்று இன்னும் இருந்தால், தோட்டத்தில் நின்றால் எந்த மலை தெரிந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அங்கே கூட்டிப் போங்கள். வடக்கு சிலாங்கூரிலிருந்து காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பினால் மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம்.